பிடிஓவா, மறுவிற்பனையா? முதல் வீவக வீட்டுக்கு முன் போட வேண்டிய கணக்கு

சிங்கப்பூரில் கல்யாணத் தேதி குறித்த மறுவாரமே சொந்தக்காரர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: "பிடிஓ போடுங்க, அதுதான் மலிவு." பிடிஓ என்றால் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டித் தரும் புது வீடு. மறுவிற்பனை என்றால் ஏற்கெனவே வைத்திருப்பவரிடமிருந்து வாங்கும் வீவக வீடு. விலைப் பட்டியலை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் வீடு வாங்குபவர்கள் தடுக்கி விழுவது விலையில் அல்ல. கையில் எவ்வளவு ரொக்கம் வேண்டும், சாவி வரும்வரை எங்கே குடியிருப்பது என்ற இரண்டு கேள்விகளில்தான் விழுகிறார்கள். இந்தியர்களுக்கு மூன்றாவதாக இன விகிதமும் (ஒரு புளோக்கில் ஒவ்வோர் இனத்துக்கும் உள்ள உச்சவரம்பு) இருக்கிறது.

கீழே வரும் தொகைகள் 2024 ஆகஸ்ட் மாற்றங்களுக்குப் பிந்தைய விதிகளின்படி எழுதியவை. வருமான வரம்பும் மானியமும் அவ்வப்போது மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் வீவக தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வு செய்யும் உரிமையே இல்லாதவர்கள்

கணவன் மனைவி இருவருமே நிரந்தரவாசிகள் என்றால் பிடிஓ பற்றிய பேச்சே இல்லை. நிரந்தரவாசமாகி 3 ஆண்டுகள் கழிந்த பிறகு மறுவிற்பனை வீடு மட்டும் வாங்கலாம். அதற்கும் மானியம் கிடையாது, கூடுதல் முத்திரை வரி 5 விழுக்காடு உண்டு. ஒருவர் சிங்கப்பூரர், மற்றவர் நிரந்தரவாசி என்றால் பிடிஓ வாங்கலாம், ஆனால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதலாகக் கட்ட வேண்டும். மனைவியோ கணவரோ வேலை அனுமதியில் இருந்தால் புது வீட்டில் ஈரறை மட்டும்தான். அதைவிடப் பெரியது வேண்டுமென்றால் மறுவிற்பனைச் சந்தைக்குத்தான் போக வேண்டும். தனியாள் என்றால் 35 வயது ஆகியிருக்க வேண்டும். புது வீட்டில் அவர்களுக்கும் ஈரறை மட்டுமே என்றாலும், 2024 அக்டோபர் முதல் எந்த வட்டாரத்திலும் கேட்கலாம்.

ஊரில் வேர் உள்ள தமிழ்க் குடும்பங்கள் கவனிக்காமல் மாட்டிக்கொள்ளும் விதி ஒன்று உண்டு. வெளிநாட்டுச் சொத்தும் சொத்துதான். தஞ்சாவூரில் தாத்தா வீட்டில் ஒரு பங்கு உங்கள் பெயருக்கு வந்திருந்தால் அதுவும் கணக்கில் வரும். வாரிசாக வந்தது, விலை கொடுத்து வாங்கவில்லை என்ற வாதம் எடுபடாது. அப்படி ஒரு சொத்தை விற்றோ எழுதிக் கொடுத்தோ 30 மாதம் ஆகியிருந்தால்தான் பிடிஓ, மானியம், வீவக கடன் மூன்றும் கிடைக்கும். மானியமே வேண்டாம், மறுவிற்பனை வீடு போதும் என்றாலும் 15 மாதம் காத்திருக்க வேண்டும். ஆகவே பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று ஊருக்குப் போன் போட்டுக் கேட்பதுதான் முதல் வேலை. தகுதிக் கடிதத்துக்கு விண்ணப்பிக்கும்போது இதை மறைத்தால் பொய் உறுதிமொழி கொடுத்ததாகிவிடும்.

தகுதிக் கடிதம்

எந்த வழியில் போனாலும் முதலில் வேண்டியது வீவக வீட்டுத் தகுதிக் கடிதம். 2023 மே மாதத்திலிருந்து எவ்வளவு மானியம், எவ்வளவு கடன், என்ன வீட்டுக்குத் தகுதி என்று எல்லாமே இந்த ஒரே கடிதத்தில் வருகிறது. சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) வழி இரண்டு கட்டமாக விண்ணப்பிக்க வேண்டும். முதல் கட்டத்தை முடித்துவிட்டு இரண்டாவதை 30 நாளுக்குள் முடிக்காவிட்டால் திரும்ப ஆரம்பத்திலிருந்து வர வேண்டியதுதான். கடிதம் 9 மாதம் செல்லும். கைக்கு வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், பிடிஓ விற்பனைக்கு முந்திய வாரங்களில் இன்னும் இழுக்கும். விற்பனை அறிவித்த பிறகு விண்ணப்பிப்பவர்கள் அந்தச் சுற்றைத் தவறவிடுவது இதனால்தான். பிடிஓ விண்ணப்பத்துக்குக் கிடைப்பது ஒரு வாரம். கடிதம் அந்த வாரத்துக்குள் வந்து சேராது.

ஒரே தம்பதி, இரண்டு கணக்கு

இருவருமே சிங்கப்பூரர்கள், முதன்முறை வாங்குபவர்கள், இருவருக்கும் சேர்த்து மாத வருமானம் 8,000 வெள்ளி, வீவக கடன், நாலறை வீடு என்று வைத்துக்கொள்வோம். பிடிஓ விலை 380,000 வெள்ளி. மறுவிற்பனை வீட்டுக்குப் பேசிய விலை 600,000, வீவக கணிக்கும் மதிப்பீடு 580,000. விலைகள் கணக்குக்காகப் போட்டவை, விதிகள் உண்மையானவை.

மானியத்தில் தொடங்குவோம். மேம்படுத்தப்பட்ட வீட்டு மானியம் இரண்டு வழிக்கும் பொது. 12 மாதச் சராசரி வருமானம் 9,000 வெள்ளியைத் தாண்டாத குடும்பங்களுக்கு, வருமானம் குறையக் குறைய அது 120,000 வரை ஏறும். 8,000 வெள்ளிக்காரர்களுக்கு 20,000 கிடைக்கும். மறுவிற்பனைக்கு இதற்கு மேல் குடும்ப மானியம் உண்டு: நாலறை வரை 80,000, ஐந்தறையும் அதற்குப் பெரியதும் என்றால் 50,000. பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் இன்னொரு 20,000, அவர்களோடு சேர்ந்தே வாழ்ந்தால் 30,000. நம் தம்பதிக்குப் பெற்றோர் அருகில் இல்லை என்று வைத்துக்கொண்டால் மறுவிற்பனையில் மானியம் 100,000, பிடிஓவில் 20,000.

மானியம் போக விலை: மறுவிற்பனை 500,000, பிடிஓ 360,000. வித்தியாசம் 140,000. சொந்தக்காரர்கள் கணக்கை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

பிடிஓ கட்டி முடிய 3 முதல் 4 ஆண்டு. அதுவரை பெற்றோர் வீட்டில் அறை இருந்தால் சரி, 140,000மும் மிச்சம். இல்லாமல் வெளியே மாதம் 2,500 வெள்ளி வாடகை கொடுத்தால் 48 மாதத்துக்கு 120,000 கரைந்துவிடும். மிஞ்சுவது 20,000. காத்திருப்போருக்கென வீவக குறைந்த வாடகைக்கு விடும் தற்காலிக வீடுகளுக்கு வருமான வரம்பு 7,000 வெள்ளி, இவர்கள் அதற்கும் வெளியே. புது வீட்டில் 99 ஆண்டுக் குத்தகை முழுசாக இருக்கிறது என்ற ஆதாயம் உண்மைதான். அதைத் தவிர "மலிவு" என்று சொல்ல அதிகம் மிஞ்சவில்லை.

இப்போது ரொக்கம். மானியம் மசேநி (மத்திய சேம நிதி, சம்பளத்திலிருந்து பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) சாதாரணக் கணக்கில்தான் விழும், கையில் வராது. மதிப்பீட்டுக்கு மேல் கொடுக்கும் பணத்தை மசேநியிலிருந்தும் கட்ட முடியாது, கடனாகவும் கிடைக்காது. எனவே 600,000க்கும் 580,000க்கும் நடுவிலுள்ள 20,000 வெள்ளி ரொக்கமாகவே வேண்டும். கடனும் விலை, மதிப்பீடு இரண்டில் குறைந்த தொகைக்குத்தான் கணக்கிடப்படும்: 580,000இல் 75 விழுக்காடு, அதாவது 435,000. மீதி 145,000 முன்பணத்தில் 100,000 மானியம் போக 45,000 சொந்த மசேநியிலிருந்து போகும். விற்பவருக்கு முதலில் கொடுக்கும் வைப்புத்தொகை 5,000 வரை ரொக்கம். அது விலையில் கழியும். முகவர் வைத்தால் வழக்கமாக 1 விழுக்காடும் பொருள் சேவை வரியும் சேர்த்து 6,540. முத்திரை வரி 12,600, இதை மசேநியில் கட்டலாம். ஆக, ஒரு சுவரைக்கூட உடைக்காமலே 31,000 வெள்ளிக்கு மேல் ரொக்கம் கையை விட்டுப் போகும்.

வங்கிக் கடன் எடுத்தால் இன்னும் இறுக்கம். வங்கியும் 75 விழுக்காடுதான் தரும், ஆனால் முன்பணத்தில் 5 விழுக்காடு ரொக்கமாக இருந்தாக வேண்டும். 580,000க்கு அது 29,000. வீவக கடனுக்கு வட்டி 2.6 விழுக்காடு, உச்சத் தவணைக்காலம் 25 ஆண்டு. 435,000க்கு மாதத் தவணை ஏறக்குறைய 1,970 வெள்ளி. வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்புக்குள், அதாவது 2,400க்குள், அடங்கிவிடுகிறது. பிடிஓவில் 285,000 கடனுக்குத் தவணை சுமார் 1,290. வீவக கடன் எடுக்கும்போது சாதாரணக் கணக்கைத் துடைத்துக் கொடுத்துவிட வேண்டியதில்லை. ஆளுக்கு 20,000 வரை வைத்துக்கொள்ளலாம். வேலை போனால் சில மாதத் தவணையைத் தாங்குவது அந்தப் பணம்தான், வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிஓவில் ரொக்கம் எவ்வளவு? விண்ணப்பக் கட்டணம் 10 வெள்ளி, நாலறை வீடு தேர்ந்தெடுக்கும் அன்று 2,000 வெள்ளி. மற்றதை மசேநி பார்த்துக்கொள்ளும், அதில் பணம் இருந்தால். இப்போதுதான் படிப்போ தேசிய சேவையோ முடித்த இளந்தம்பதியர் வருமான மதிப்பீட்டைச் சாவி வாங்கும் நேரத்துக்குத் தள்ளிவைத்து, ஒப்பந்தத்தின்போது 2.5 விழுக்காடு மட்டும் கட்டவும் வழி இருக்கிறது. சேமிப்பு இல்லாத 25 வயதுக்காரர்களுக்குப் பிடிஓ பொருந்துவதற்கு மலிவு காரணமல்ல, இதுதான் காரணம்.

மறுவிற்பனையில் இன்னொரு பொறியும் உண்டு. விலை பேசி, வாங்கும் உரிமைப் பத்திரத்தை (குறித்த கெடுவுக்குள் உங்களுக்கே விற்பதாக விற்பவர் கொடுக்கும் வாக்கு) வாங்கிய பிறகுதான் மதிப்பீடு கேட்க முடியும். அடுத்த வேலைநாளுக்குள் 120 வெள்ளி கட்டி விண்ணப்பிக்க வேண்டும். 20,000 என்று நினைத்த வித்தியாசம் 45,000 என்று வந்தால் இரண்டே வழி. ரொக்கத்தைப் புரட்டலாம், அல்லது 21 நாள் கெடு தானாக முடிய விட்டு, உரிமைக்குக் கொடுத்த தொகையை (1,000 வெள்ளிக்கு மேல் போகாது) இழக்கலாம். அதே புளோக்கில், அதே மாடி உயரத்தில் சமீபத்தில் கைமாறிய விலைகள் வீவக தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

குத்தகையையும் கவனியுங்கள். வாங்குவோரில் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை எஞ்சியிருந்தால்தான் மசேநியையும் கடனையும் முழு அளவில் பயன்படுத்தலாம். 28 வயதுக்காரருக்கு அது 67 ஆண்டு. 1980இல் கட்டிய வீட்டுக்கு 2025இல் 54 ஆண்டுதான் மிச்சம். விலை குறைவாகத் தெரியும், ஆனால் எடுக்கக்கூடிய பணமும் மானியமும் சேர்ந்தே சுருங்கும்.

குலுக்கல்

பிடிஓ விற்பனை இப்போது ஆண்டுக்கு 3 முறை. விண்ணப்பம் முதலில் வந்ததா கடைசியில் வந்ததா என்பது பொருட்டல்ல, கணினிக் குலுக்கல்தான். முதன்முறை வாங்கும் குடும்பங்களுக்கு இரண்டு வாய்ப்புச் சீட்டு. 18 வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ளவர்களும் 40 வயதுக்குட்பட்ட தம்பதியரும் மற்ற நிபந்தனைகளுக்கும் பொருந்தினால் மூன்று.

வரிசை எண் வந்து அழைப்பும் வந்த பிறகு "பிடித்த மாடி இல்லை" என்று வெறுங்கையோடு திரும்பினால் 2023 ஆகஸ்ட் முதல் தண்டனை உண்டு: ஓராண்டுக்கு இரண்டாம்முறை வாங்குபவராகக் கருதப்படுவீர்கள். உங்கள் முறை வரும்போது தேர்ந்தெடுக்க 10 அல்லது அதற்குக் குறைவான வீடுகளே இருந்தால் மட்டும் விலக்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு கைவிட்டால் விலையில் 5 விழுக்காடு போகும். கல்யாணத்துக்கு முன் பிடிஓ போட்டு நடுவில் உறவு முறிந்தவர்களுக்கு இது தெரியும்.

2024 அக்டோபரிலிருந்து புது வீடுகள், இருப்பிடத்தைப் பொறுத்து, ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என்று மூன்று வகை. ஸ்டாண்டர்ட் வீட்டை 5 ஆண்டு குடியிருந்தால் விற்கலாம். பிளஸும் பிரைமும் 10 ஆண்டு. அதற்குப் பிறகும் முழு வீட்டை வாடகைக்கு விட முடியாது. முதல்முறை விற்கும்போது விற்பனை விலையில் அந்தத் திட்டத்துக்குக் குறித்த விழுக்காட்டை வீவக திரும்ப எடுத்துக்கொள்ளும். கட்டுமானம் 4, குடியிருப்பு 10 ஆக மொத்தம் 14 ஆண்டு. 28 வயதில் போட்டவருக்கு 42. இடையில் வெளிநாட்டு வேலை வரலாம், இரண்டாவது பிள்ளைக்கு இடம் போதாமல் போகலாம். எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இதில் தலையைக் கொடுக்காதீர்கள்.

இன விகிதம்

இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 மார்ச் 1 அன்று வந்தது. இந்தியர்களும், சீனர் மலாய்க்காரர் அல்லாத மற்றவர்களும் சேர்ந்து ஒரு பேட்டையில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு என்பது 2010 முதல் உச்சவரம்பு. சீனர்களுக்கு 84, 87. மலாய்க்காரர்களுக்கு 22, 25. நூறு வீடுள்ள புளோக்கில் 15 வீட்டோடு நம் கணக்கு முடிந்தது.

இது பிடிஓவிலும் வேலை செய்கிறது. வரிசை எண் 180, வீடுகள் 300, கண்டிப்பாகக் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே இந்தியர் ஒதுக்கீடு தீர்ந்திருக்கலாம். தேர்வு நடக்கும் நாள்களில் எந்த இனத்துக்கு எத்தனை வீடு மிச்சம் என்பது வீவக தளத்தில் தெரியும். பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

மறுவிற்பனையில் இரண்டு பக்கமும் கடிக்கும். புளோக்கில் இந்தியர் விகிதம் நிறைந்திருந்தால் நீங்கள் இன்னொரு இந்தியரிடமிருந்து மட்டுமே வாங்க முடியும். சொத்து இணையதளத்தில் பத்து வீடு தெரிந்தாலும் உங்களுக்கு ஒன்றுகூடத் தேறாது. நீங்கள் விற்கும் நாள் வரும்போது அங்கே சீனர் விகிதம் நிறைந்திருந்தால் சீனருக்கு விற்க முடியாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் சுமார் 74 விழுக்காட்டினர் சீனர்கள். வாங்குவோரில் பெரும்பகுதி போய்விட்டால் விலை இறங்காமல் என்ன செய்யும்? நிஜமாகவே விற்க முடியாமல் தவிப்போரின் வீட்டை 2022 முதல் வீவக தானே வாங்கிக்கொள்வதும் உண்டு, ஆனால் அதை நம்பி வீடு வாங்க முடியாது.

புளோக் எண்ணைக் கொடுத்தால் விகிதம் நிறைந்ததா இல்லையா என்று வீவக சேவையில் நிமிடத்தில் தெரிந்துவிடும். வீடு பார்க்கப் போவதற்கு முன்பே பாருங்கள். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி இந்தத் தகவல் மாறும். 28ஆம் தேதி உரிமைப் பத்திரம் வாங்கி, அடுத்த மாதம் 3ஆம் தேதி விண்ணப்பம் போடும்போது கதவு சாத்தியிருக்கலாம். முடிந்தவரை இரண்டையும் ஒரே மாதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது. வாங்கப்போகும் புளோக்கில் சீனர் விகிதம் இன்று நிறைந்திருந்தால், அதையே காரணமாகச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள். நாளைக்கு அந்தச் சுமையைத் தாங்கப்போவது நீங்கள்தான்.

சுவர், கூரை, குழாய்

புது வீட்டில் குறைபாடு இருந்தால் முதல் ஓராண்டு இலவசமாகச் சரிசெய்து தருவார்கள். கூரைக் கசிவுக்கும் வெளிச்சுவர் வழி நீர் ஊறுவதற்கும் 5 ஆண்டு, கான்கிரீட் உதிர்வதற்கு 10 ஆண்டு உத்தரவாதம். புதுப்பிப்பு வேலை தொடங்கும் முன்பே குறைகளைப் பட்டியல் போட்டுக் கொடுங்கள். வேலையாள் கைவைத்த பிறகு யார் உடைத்தது என்ற வழக்கு வரும். குளியலறைத் தரையையும் சுவர் ஓடுகளையும் முதல் 3 ஆண்டு பெயர்க்க அனுமதி இல்லை. அடியிலுள்ள நீர்த்தடுப்புப் படலம் கிழியும் என்பதுதான் காரணம்.

பழைய வீட்டில் வில்லன் இந்தப் படலம்தான். ஆண்டுகள் போகப் போக அது தேய்ந்து, மேல்வீட்டுக் குளியல் தண்ணீர் உங்கள் குளியலறைக் கூரையில் மஞ்சள் வட்டமாக இறங்கும். விற்பவர் அதை வெள்ளைப் பலகையால் பொய்க்கூரை போட்டு மறைத்திருப்பார். வீடு பார்க்கும்போது அந்தப் பலகையிலுள்ள சிறிய திறப்பைத் தூக்கச் சொல்லி, கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள். துருக்கறையோடு கோடு ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. சிமெண்ட் உப்பியிருக்கும் இடத்தை விரல் முட்டியால் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். கசிவைச் சரிசெய்வது மேல்வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர் இருவரின் கூட்டுப் பொறுப்பு. இருவரும் ஒப்புக்கொண்டால் வீவக உதவித் திட்டத்தில் அது 50 விழுக்காடு கொடுக்கும், மீதியில் ஆளுக்கு 25. வேலை நடப்பது மேல்வீட்டில் என்பதால் அவர் கதவைத் திறக்க மனம் வைக்க வேண்டும். அதுதான் பல மாதம் இழுக்கும்.

1997 வரை கட்டிய புளோக்குகளுக்கு வீட்டு மேம்பாட்டுத் திட்டம் உண்டு. தகுதியுள்ள குடும்பங்களில் 75 விழுக்காடு வாக்களித்தால் நடக்கும். அதில் கான்கிரீட் உதிர்வு, கழிவுக்குழாய் போன்ற அவசிய வேலைகள் சிங்கப்பூரர்களுக்கு இலவசம். பார்க்கும் புளோக்கில் அது முடிந்ததா, இனிமேல்தான் வருமா என்று கேளுங்கள். இனிமேல்தான் என்றால், 40,000 செலவழித்துக் குளியலறையைப் பளபளப்பாக்கிய மறு ஆண்டே உடைப்பு வேலை வந்து நிற்கும்.

விற்கும் நாளில்

எடுத்த மசேநிப் பணம், மானியம் உட்பட, ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டியோடு உங்கள் மசேநிக் கணக்குக்கே திரும்ப வேண்டும். இன்று வாங்கும் 100,000 மானியம் 10 ஆண்டில் ஏறக்குறைய 128,000 ஆகிவிடும். பணம் உங்களுடையதுதான், ஆனால் அடுத்த வீட்டின் மதிப்பீட்டுக்கு மேற்பட்ட தொகைக்கு அதைத் தொட முடியாது. "வீடு 200,000 லாபத்துக்குப் போச்சு" என்று சொல்பவரின் வங்கிக் கணக்கில் சிலசமயம் 15,000கூட வந்திருக்காது. மானியத்தோடு வாங்கிய நாலறை வீட்டை விற்றுவிட்டு இரண்டாவதாகப் பிடிஓ போடும் குடும்பம் 40,000 வெள்ளி மறுவிற்பனைத் தீர்வையும் கட்ட வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: எஞ்சிய வீடுகள் விற்பனை. முந்தைய சுற்றுகளில் போகாதவை, வீவக திரும்ப வாங்கியவை எல்லாம் அதில் வரும். சில வீடுகளுக்குச் சாவி சில மாதத்திலேயே கிடைக்கும். விலை பிடிஓ முறையில்தான் இருக்கும், மதிப்பீட்டுக்கு மேல் ரொக்கம் என்ற பேச்சே இல்லை. வாடகையில் இருக்கும், ரொக்கம் குறைவான தம்பதிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் திரும்ப வாங்கிய வீடுகளின் குத்தகை 99 ஆண்டு இருக்காது, போட்டியும் கடுமை. எனவே இதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். தகுதிக் கடிதம் ஒன்றேதான். அதை வைத்துக்கொண்டு 10 வெள்ளிக்குக் குலுக்கலில் பெயரைப் போட்டுவிட்டு, முடிவு வரும்வரை வார இறுதிகளில் மறுவிற்பனை வீடுகளுக்குப் போய்ப் பொய்க்கூரைகளைத் தூக்கிப் பார்க்கலாம்.